நீல நகங்கள்

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒருமுறை விடுமுறைக்கு ஜப்பான் போனபோது, அவுரிச் சாயத்தில் துணி தோய்க்கக் காட்டித் தந்தார்கள். கையுறையும் தந்தார்கள். வருடம் முழுக்க அதோடுதானே மாரடிக்கிறேன், இங்கேயுமா என்று நான் போடவில்லை. தோலில் பட்ட நீலம் கழுவக் கழுவப் போனது. நகங்களில் நின்றுவிட்டது.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, வீடு இருக்கும் ஹவுகன்ஸ்டுவாவுக்கு ரயில் ஏறியதும் அசதியில் தூங்கிப்போனேன். யாரோ மணிக்கட்டை இறுகப் பிடிக்க விழித்தேன். மொட்டைத் தலையும் கழுத்து நிறையப் பச்சை குத்தலுமாக ஒரு வெள்ளைக்காரர் என்மேல் குனிந்து நின்றார். பெட்டியில் வேறு ஒருவரும் இல்லை. இத்தனை வருடம் பேசிய நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்கூட வரவில்லை.

"விடடா என்னை" என்று தமிழில் கத்தி, மற்றக் கையால் அவர் கையைப் பிறாண்டினேன். இரத்தம் வந்தது. அவர் விடவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய இரண்டு விரல்கள் என் நாடியின்மேல் இருந்தன. கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

"நகமெல்லாம் நீலமாக் கிடக்கு. மூச்சு விட ஏலுதோ?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"சாயம்" என்றேன். கையை விட்டார். கீறலைத் துடைத்துக்கொண்டு, நான் இறங்கும்வரை எதிரே இருந்தார்.

நகம் நீலமானால் உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று எனக்கும் தெரியும். அது என்னுடைய வேலை. ஆனால் அன்று அவர் தூங்கி, அவருடைய நகங்கள் நீலமாக இருந்திருந்தால், நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போயிருப்பேன்.