தோல் கிடங்கில் ஒரு விருந்தாளி

எண்பதுகளின் நடுவில், இலங்கையிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் சிலவற்றை ஆம்பூருக்கு வெளியே ஒரு பழைய தோல் கிடங்கில் இறக்கிவிட்டார்கள். பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கிவைத்த இடம் அது. தோலை எடுத்துவிட்டார்கள், சுவரில் ஊறிய உப்பை யார் எடுப்பது? கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். பாலாற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த ஒரு பாயும் நானும் சேர்ந்து, அவர்களுக்கு லாரியில் குடிதண்ணீர் கேட்டு வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தோம். கொஞ்ச நாள் இருக்கப்போகிறவர்கள்தானே என்றார்கள். கொஞ்ச நாளைக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று பாய் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கிடங்கில் ஒரு பெண், கைக்குழந்தையோடு இருந்தாள். கிணற்றுத் தண்ணீர் பட்டாலே அதற்கு வயிற்றால் போகும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்புக் கிணறு. காவல்காரன் இரக்கப்பட்டுத் தினம் ஒரு குடம் எடுக்க விடுவான். அதைக் காய்ச்சித்தான் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக, நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். முதல் நாளே பாய் போய், "நாளைக்குப் பெருக்கக்கூட வேணாம்மா. எப்டி இருக்கீங்களோ அப்டியே இருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், வாசல் தெளித்துக் கோலம்! சுவரில் பூத்த உப்பையெல்லாம் சுரண்டிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் தலைவாரி, பவுடர் பூசி, வரிசையாக நின்றார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரியை உட்காரவைத்து, அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அது தோப்புக் கிணற்றுத் தண்ணீர், பிள்ளைக்கென்று வைத்திருந்தது என்று பாய் பதறினார். அதிகாரி அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். அவள் கைகூப்பிச் சொன்னாள்:

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. நல்லாப் பாக்கிறியள்."

ஜீப் போன பிறகு அவளைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்களை வைச்சிருக்கிற ஆக்களிட்டை எப்பிடி டீச்சர் குறை சொல்லுறது? போகச் சொன்னால் எங்கை போறது?" என்றாள்.

தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அதிகாரி எழுதிக்கொடுத்த சேதி ஊரெல்லாம் பரவியது. உங்களுக்குத்தான் தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லி, தோப்புக்காரர் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். நானும் பாயும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சினோம்; ஊர் முழுக்க இதையே கேட்டு வருவார்கள் என்றார். என் வீட்டிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோனேன். முடிந்த நாளெல்லாம் கொண்டுபோனேன். குழந்தை அழும் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அழுகிற சத்தத்தைவிட அப்படி மெலிந்துபோன சத்தம்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. வீட்டில் குழாயைத் திறந்தால் வரும். மூடினால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

ஐப்பசி மழைக்காலத்தில் குழந்தை போய்விட்டது. ஆற்று மணலில் புதைத்தார்கள்.

செத்தது குழந்தை என்பதால் விசாரிக்க அதே அதிகாரி மறுபடி வந்தார். கிடங்கு கிடந்தபடி கிடந்தது. இப்போதாவது சொல்வாள் என்று நானும் பாயும் அவள் பக்கத்திலேயே நின்றோம். பிள்ளைக்கு என்ன ஆயிற்று, தண்ணீராலா என்று அவர் நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். அவள் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகூப்பினாள்.

"தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. எங்கடை பிள்ளைக்குத்தான் ஒத்துக்கொள்ளேல்லை."