எண்ணூர் முகத்துவாரத்தில் நைனா

இதை எழுதவே வேண்டாம் என்று சோம்பிக் கிடந்தேன். காலையில் ராயபுரத்தில் ஈரக் கயிற்று வாசனை அடித்தது, விடவில்லை.

உலக யுத்தம் முடிந்த மறு கோடை. பள்ளி விடுமுறைக்கு இரண்டு நாள் எண்ணூரில் தங்கினோம். முகத்துவாரத்து மணல்திட்டில் கிளிஞ்சல் பொறுக்கிய தங்கச்சியைச் சுற்றிக் கடல் ஓதம் ஏறிவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்தும் நைனாவுக்கு நீச்சல் தெரியாது; செம்புத் தண்ணீரே அவருக்கு ஜாஸ்தி. மீனவக் குப்பத்தில் பிறந்த அம்மா கட்டுமரத்துக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை நைனாவிடம் கொடுத்தாள்.

"பொம்பள கடல்ல எறங்குனா உங்க குப்பத்துல ஒத்துக்க மாட்டாங்கமே!"

"அத அப்பால பாத்துக்கலாம். நீ கயித்த வுட்டுடாதய்யா!"

அம்மா நீந்திப் போய்த் தங்கச்சியோடு கரையேறும்வரை, கழுத்தளவு தண்ணீரில் கண்ணை இறுக மூடியபடி நைனா கயிற்றைப் பிடித்து நின்றார். அந்த முகத்தை நடித்துக் காட்டித்தான் இன்றும் எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன்.

தோஸ்து மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணத்தான் மூடிகினாரு, கயித்த வுடலியே மாமு."