மோதிரத்தில் மிஞ்சிய நீலத் துண்டு

எங்கள் கல்லூரியில் கனிமவியல் நடத்திய மேடத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. ராஜபாளையத்துக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான். எண்பதுகளின் கடைசியில் அவர் புதுக் கனிமம் ஒன்றைக் கண்டுபிடித்தது யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அந்தக் கனிமத்துக்கு வேறு நாட்டு ஊர் ஒன்றின் பெயர்.

நான் அவருடைய ஆய்வக உதவியாளன். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் துளை போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், கல்லைத் தேய்த்துக் கொடுக்கும் அந்த வேலையே எனக்குக் கலெக்டர் வேலை மாதிரி இருந்தது.

அப்பா வேலை பார்த்த குவாரியில்தான் அந்தப் பாறை கிடந்தது. வெள்ளைக் கல்லுக்குள் விரல் கனத்தில் ஒரு நீலக் கோடு. மேடம் எடுத்து வந்த சில்லுகள் சோதனையிலேயே பொடியாகித் தீர்ந்தன. புதிய கனிமம் என்று ஏற்க வேண்டுமானால் ஒரு துண்டாவது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும் என்று, மேடம் எழுதிக் கேட்ட சர்வதேசக் குழுவிடமிருந்து பதில் வந்தது. மறுபடி குவாரிக்குப் போனோம். பாறையைக் காணோம்.

முதல் தடவை போனபோது, "இதப் பத்தி யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்று குவாரிக் காண்டிராக்டரிடம் மேடம் கெஞ்சியிருந்தார். வேறு யாரும் முந்திக்கொண்டு எழுதிவிடக் கூடாதே என்ற பயம். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. காண்டிராக்டர் பாறையை உடைத்து, நீலத்தைப் பெயர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரியிடம் கொண்டுபோனார். இது விலை போகிற நீலமில்லை என்று ஆசாரி சொல்லிவிட்டார். ஆனாலும் ராசி பார்க்கக் காண்டிராக்டர் ஒரு துண்டைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்திருக்கிறார். நல்ல கனவு வந்ததாம். அதை மோதிரத்தில் பதித்துக்கொண்டு, மிச்சத்தைக் கிரஷரில் கொட்டச் சொல்லிவிட்டார்.

"அம்புட்டும் சிமெண்டாப் போச்சுலே," என்றார் அப்பா.

காண்டிராக்டர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை.

"நீலத்தக் கழட்டுனா குடும்பத்துக்கு ஆகாது டீச்சரம்மா. இதப் போட்ட பொறவுதான் எம் மகன் லாரி எடுத்திருக்கான்."

"ஓரத்துல ஒரு சில்லு போதுங்க. அதுக்கு நம்ம ஊர் பேரையே வச்சிரலாம்."

"கல்லுக்குப் பேரு வைக்கப் போறீகளாக்கும்? காலாகாலத்துல ஒரு பிள்ளையப் பெத்து அதுக்கு வச்சிருக்கலாம்ல?"

உள்ளே பெண்கள் சிரித்தார்கள். மேடம் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார். அவரைக் கண்டாலே அந்த வீட்டில் வெள்ளை நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

ஐப்பசி மழையில் மகனின் லாரி கவிழ்ந்தது. மகன் பிழைக்கவில்லை.

"வாப்பா, துக்கம் கேட்டுட்டு வருவோம்," என்றார் மேடம். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே கூடப் போனேன்.

மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த காண்டிராக்டர் மேடத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஒங் கல்லுதாண்டி எம் பிள்ளையக் கொன்னுச்சு!" மேடத்தின் சேலையில் எச்சில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. காண்டிராக்டரின் வெறும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரத்த எங்க போட்டீங்க?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எங்கங்க போட்டீங்க?"

"ஆத்துல," என்றார் காண்டிராக்டர். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பியதும் மேடம் என்னிடம் கேட்டார்:

"தண்ணி எப்ப வத்தும்?"