ஆறு ஊட்டுக்குப் போகுதுங்க

கோயமுத்தூர் கணபதி மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த நண்டைக் கழுவும்போது அதன் கால் இடுக்கிலிருந்து கொஞ்சம் கருஞ்சேறு கரைந்து இறங்கியது. குழாயை மூட மறந்து, அந்த வாடையிலேயே நான் முத்துப்பேட்டைக் காயலோரம் போய்விட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு அங்கே மீன்துறையில் வேலை. மேற்கே காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த அம்மா, அதே காவிரியின் கடைசிக் கிளை ஒன்று கடலைத் தொடும் சேற்றுத் திட்டில் குடித்தனம் நடத்தினாள். கல்லோ மேடோ இல்லாத நிலம். தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது நாளுக்கொரு விதம். பென்சில்களை நட்டுவைத்ததுபோல் நிற்கும் அலையாத்தி வேர்களுக்கிடையே நண்டுகள் வளைக்குள் புகும் சலசலப்பு ஓயவே ஓயாது. சாயங்காலம் கடல் ஏறினால் ஆறு கொஞ்சம் நின்று, தயங்கி, பிறகு வந்த வழியே உள்நோக்கி ஓடத் தொடங்கும்.

"ஏனுங்க, ஆறு எங்க ஊட்டுக்குத் திரும்பிப் போகுதுங்க!" என்று அம்மா அப்பாவைக் கூப்பிடுவாள். கொடுமுடியைத் தவிர வேறெதையும் அவள் ஊடு என்று சொன்னதில்லை. தலையிலிருக்கும் பூவைக் கிள்ளித் தண்ணீரில் விடுவாள். அது வளைவில் மறையும்வரை நானும் நம்பிக்கொண்டு நிற்பேன்.

மறுநாள் காலையில் பூ எங்கள் படியிலேயே ஒதுங்கிக் கிடக்கும். அம்மா எழுந்து வருவதற்குள் அதை நண்டு வளைக்குள் திணித்துவிடுவேன்.

அந்தத் திட்டைக் கடல் எப்போதோ கரைத்துவிட்டது. நாங்கள் கோயமுத்தூருக்கு வந்தும் வெகுகாலமாகிறது.

பின்னால் காலடிச் சத்தம். சமையலறை வாசலில் அம்மா, அந்தச் சேற்று வாடையை ஆழ இழுத்தபடி நின்றாள்.

"அம்மணி, நம்ம ஊட்டு வாசம் அடிக்குது."