கன்னத்தில் இருந்த அதிர்ஷ்டம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கடைசியில், கல்வராயன் மலையில் வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிய விஷயம் இது. ஊர்களில் எது எப்போது நடந்தது என்று விசாரித்துக் குறித்து வைப்பது என் பழக்கம். மலைக்கு முதல் பேருந்து வந்த வருடத்தைக் கேட்கப் போயிருந்தேன். ஒருவர் ஒரு வருடம் சொன்னார். அவர் தம்பியே வேறொரு வருடம் சொன்னார். எது சரியாக இருக்கும் என்று யோசித்தபடி, கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பேருந்துக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க மலைக்காரப் பெண் ஒருவர், இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னையே உற்றுப் பார்த்தவர், திடீரென்று நெருங்கி வந்தார்.

"அசையாதம்மா. உண்ணி கடிச்சிகினு இருக்குது."

நான் வாய் திறப்பதற்குள் இரண்டு நகத்தையும் என் கன்னத்தில் வைத்துக் கிள்ளித் திருகிவிட்டார். உயிர் போய் வந்தது. ரத்தம் தாடை வரை வழிந்தது. அவரோ தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தலை உள்ளயே மாட்டிக்கிச்சாட்டம் இருக்குது. இரு, சுண்ணாம்பு வெக்கிறேன்" என்று மடியைத் துழாவினார்.

"உண்ணி இல்லம்மா, அது மரு!" என்று அலறினேன்.

என் இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று இருந்தது. மெழுகை உருக்கி ஒட்டியது போல, பழுப்பும் கறுப்புமாக இருக்கும். ஐம்பதைத் தாண்டியபின் வந்து, மெல்ல மெல்லப் பெரிதானது.

அந்தப் பெண் பதறிப்போனார். முந்தானையால் என் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, ஆட்டுக்குப் பாத்துப் பாத்து என் கண்ணே அப்படி ஆயிப்போச்சிம்மா" என்றார். வலியோடு எனக்குச் சிரிப்பும் வந்தது. அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வோணும்னா வெச்சிகினு இருக்க?"

பேருந்து வந்துவிட்டது. மலையிறங்கும் வளைவுகளில் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. வேண்டுமென்று நான் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடம் பேசினாலும் அவர்கள் பார்வை என் கண்ணை விட்டு அரை அங்குலம் கீழே இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச காலமாக முகத்தைத் திருப்பியே பேசிக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் கேள்வி கேட்கிறவளுக்கு அது எவ்வளவு இடைஞ்சல்! அன்று மலையடிவாரம் வருவதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னதும் முதலில் சண்டைக்குக் கிளம்பியவர் என் கணவரின் தங்கை.

"அண்ணி, மூஞ்சியில வந்த லட்சுமிய யாருனா கிள்ளிப் போடுவாங்களா? பொம்பளைக்கு இடது பக்கம் வந்தா அதிர்ஷ்டம். தெரியாதா உங்களுக்கு?"

என் கணவர் கரும்பு வைத்திருக்கிறார். எங்கள் நிலத்தில் முன்பு போட்ட ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் தண்ணீர் இல்லாமல் வெறும் புகை விட்டன. கடைசியாகப் போட்டதில்தான் தண்ணீர் பீறிட்டது. அது என் மரு வந்த ராசி என்பது குடும்பத்தின் உறுதியான நம்பிக்கை.

"அது வந்தப்புறம்தானே போர்ல தண்ணி வந்துச்சி" என்றார் கணவர்.

தேதி விஷயத்தில் என்னிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. "போர் போட்டது மாசியில. இது கண்ணுக்குத் தெரிஞ்சது அதுக்கப்புறம் வந்த ஐப்பசியில. தண்ணிதாங்க மொதல்ல வந்துச்சி" என்றேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தண்ணி வரப்போறது தெரிஞ்சி, உள்ளாற அப்பவே முளைக்க ஆரம்பிச்சிருக்கும்."

தேதிகளை அடுக்கி இந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது என்பது விளங்கியது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வறண்ட போர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் கன்னம் என்னுடையது. "வியாழக்கிழமை போறேன். வந்தா வாங்க, இல்லன்னா பஸ்ல போய்க்கிறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கள்ளக்குறிச்சியில் இருந்த தோல் மருத்துவர் இளம் பெண். லென்ஸ் வைத்த சின்னக் கருவியால் நிதானமாகப் பார்த்தார். "ரத்தம் வந்தது கிள்ளினதாலதான்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. வயசானா சில பேருக்கு இப்படி வரும். விட்டுட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

கணவரின் முகம் மலர்ந்தது. "கேட்டுக்கினியா? டாக்டரே சொல்லிட்டாங்க."

"எடுத்தா இன்னா ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. அந்த இடம் கொஞ்ச நாள் வெளுப்பா தெரியும். லேசா தழும்பு நிக்கலாம். வேற இடத்துல புதுசா வந்தாலும் வரும். எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணுங்க."

"தெரிஞ்சிக்கிட்டேன். எடுத்துடுங்க."

கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "டாக்டரம்மா, பாதியை எடுத்துட்டு பாதியை வுட்டுட முடியுங்களா?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாதி விட்டா திரும்பப் பெருசா வளருமேங்க" என்றார்.

"அதான்... வளரட்டுமே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்தேன். "நெலம் நம்ம ரெண்டு பேரோடது. மூஞ்சி என்னோடது. வெளியில உக்காருங்க" என்றேன். எழுந்து போனார்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அது மட்டும்தான் வலி. சுரண்டி எடுத்துவிட்டு, மின்கருவியால் லேசாகச் சுட்டபோது முடி கருகும் நாற்றம் வந்தது. அவ்வளவுதான். வெயிலில் அதிகம் போகாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும் என்று சொல்லி, தடவிக்கொள்ளக் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கரும்புக் கொல்லைக்குப் போய் மோட்டாரைப் போட்டார். வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தவர், "தண்ணி வருது" என்றார், குற்றம் சாட்டுகிறவர் போல. சோற்றைப் போட்டு வைத்தேன், சாப்பிட்டார்.

பொருக்கு உதிர்ந்து, அங்கே வெளிர்நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. வைகாசியில் எலவனாசூர்கோட்டையில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். போகும் வழியில் அவரே யோசனை சொன்னார்: "எல்லாரும் கேப்பாங்க. டாக்டர் ஆபத்துன்னு சொன்னாங்கன்னு சொல்லிடு. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். சுலபமான வழியும்கூட.

பந்தியில் நினைத்தபடியே கேள்வி வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா முறை உள்ளவர், இலையைத் தாண்டிக் குரல் கொடுத்தார். "இன்னாடி இது, வலிச்சிதா? அரிச்சிதா? எதுக்கு எடுத்த?"

பக்கத்தில் கணவர் சாம்பார் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"வலிக்கலை பெரிம்மா. அரிக்கவும் இல்ல. ஒரு ஆபத்தும் இல்லன்னுதான் டாக்டர் சொன்னாங்க. எனக்கு வேணாம்னு இருந்துச்சி, எடுத்துட்டேன்."

"இந்த வயசுலயா!"

"இந்த வயசுலதான் பெரிம்மா இது வருது."

பந்தியில் சிலர் சிரித்தார்கள். பெரியம்மா முகத்தைச் சுளித்துவிட்டு, ரசம் வந்ததும் மறந்துபோனார். கணவர் தன் இலையில் இருந்த அப்பளத்தை என் இலைக்கு மாற்றி வைத்தார்.

என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களுக்கெல்லாம் பிள்ளைகளுக்காக, வீட்டுக்காக, உடம்புக்கு முடியாததற்காக என்று மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளும் ஒரு காரணம் இருந்தது. எனக்கு வேண்டாம் என்பதே போதுமான காரணம் என்று அந்தப் பந்தியில் எல்லோர் முகத்தையும் நேராகப் பார்த்துச் சொன்னதைத்தான், கன்னத்தில் இப்போது தேடினாலும் தெரியாத அந்த இடத்தைத் தடவும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.