நுரை கையுறை போட்ட கதை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனுக்கு நுரை என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் பொங்கிக்கொண்டே இருப்பான், அடங்க நேரமாகும். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைப் பிரித்துப்போடுவது அவன் வேலை. பன்னிரண்டு வருஷமாக வெறுங்கையால்தான் பிரிக்கிறான். நோயாளிகள் படுக்கையோடு மறந்துவிடும் மோதிரம், மூக்குக்கண்ணாடி, பல்செட் எதுவும் அவன் விரலுக்குத் தப்பாது. ஒரு பெரியவர் திரும்பக் கிடைத்த பல்செட்டை மாட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பற்றி ஒரு வாரம் பேசினான். கையுறை கொடுத்தால், "இதைப் போட்டா கைக்குக் கண்ணு தெரியாது" என்பான்.

அவன் மனைவி அதே ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டு நர்ஸ். நோயாளிகளுக்கு மருந்து ஏற்றுகிறவள். போன வருஷம் இரண்டாம் மாசத்திலேயே கரு தங்காமல் போயிற்று. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நுரை ஒன்பது நாள் வாயே திறக்கவில்லை, சலவைக்கூடமே பயந்துபோனது. இந்தத் தடவை எதையும் விதியின் தலையில் போட அவள் தயாராக இல்லை. அந்த மருந்து கருவைப் பாதிக்கலாம் என்று, கரு உண்டாவதற்கு முன்பே வேறு வார்டுக்கு மாற்றல் கேட்கக் கிளம்பினாள். துணைக்கு இவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பணியாளர் நல அறையில் இருந்த டாக்டரம்மா படிவத்தை நீட்டினார். "முன்னாடியே வந்தது நல்லதாப் போச்சு. மாசமா இருக்கோம்னு தெரியறதுக்குள்ளயே சில வாரம் ஓடிடும்."

"நானும் அதைத்தான் டாக்டர் சொன்னேன்," என்று நுரை ஆரம்பித்தான். "இவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பாத்துக்கணும்னு..."

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"சலவைக்கூடம். இவங்க வார்டுத் துணியெல்லாம் இந்தக் கையாலதான் பிரிக்கிறேன்," என்று பெருமையாக விரித்துக் காட்டினான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

டாக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார். "மருந்து ஏத்தினவங்களோட வேர்வை, வாந்தி, யூரின் எல்லாத்துலயும் ரெண்டு மூணு நாள் அந்த மருந்து இருக்கும். அது அத்தனையும் துணியிலதான் வருது. குழந்தைக்குப் பாதி உங்ககிட்டேருந்துதானே போகணும்?"

இன்னொரு படிவத்தை உருவினார். 'குழந்தைக்குத் திட்டமிடும் பெண் ஊழியர் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'பெண்' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு அவன் முன் வைத்தார்.

"இப்ப யாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கிறது?" என்றாள் மனைவி.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. படிவம் சூப்பர்வைசர் மேஜைக்குப் போவதற்குள் சலவைக்கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தவர் மிஷின் அண்ணன். நுரை பிரித்துக் கொடுக்கும் துணியை அள்ளி மிஷினில் போடுகிறவர். "என்னப்பா, இது எத்தனாவது மாசம்? புளிப்பா ஏதாவது வேணுமா?" என்பார். "குனியாதே, நான் எடுக்கறேன்" என்பார். நுரைக்குக் காது சிவந்துபோகும். ஆனாலும் அந்த வாரமே புற்றுநோய் வார்டுத் துணி தனியாக மஞ்சள் பையில் வந்தது. எல்லோருக்கும் நீளமான அங்கியும் தடித்த கையுறையும் வந்தன. முதல் நாளே ஒரு மூக்குக்கண்ணாடி அவன் கைக்குத் தப்பி மிஷினுக்குள் போய், பளபளவென்று ஒற்றைக் காலோடு வெளியே வந்தது. நுரை அதற்காக ஒரு நாள் முழுக்கப் புலம்பினான்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், எல்லோரும் போன பிறகு மிஷின் அண்ணன் மட்டும் கையுறையை உருவுவதும் மாட்டுவதுமாக நின்றார். அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை.

"எல்லா டாக்டர்கிட்டயும் அவளைத்தான்பா கூட்டிட்டுப் போனேன்," என்றார். "என்னை ஒருத்தரும் எங்க வேலைன்னு கேக்கல. எனக்கும் சொல்லத் தோணல. அந்தப் படிவம் இன்னொண்ணு கிடைக்குமா?"

அவருக்குத் திருப்பிக் கொடுக்க நுரை மூன்று வாரமாகக் கேலி சேர்த்து வைத்திருந்தான். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு கையுறையைக் கழற்றி வைத்தான்.

"வாங்கண்ணே. டாக்டரம்மா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க," என்று தோளில் கை போட்டுக் கூட்டிப் போனான். மாடிப்படி வந்ததும்தான் அவனால் அடக்க முடியவில்லை.

"மெதுவா ஏறுங்கண்ணே."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.