மூன்றாவது பெண்

போன வாரம் மகளுக்குச் சுகன்யா கணக்குத் தொடங்க எலப்புள்ளியில் தபால் ஆபீசுக்குப் போயிருந்தேன். நெட்வொர்க் இல்லை, உட்காருங்கள் என்றார்கள். இரவு ஷிப்ட் முடிந்து கஞ்சிக்கோட்டிலிருந்து நேராக வந்தவனுக்கு அதைவிட நல்ல வார்த்தை உண்டா? உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் போட்டோவைப் பசை தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புளித்த வாடை என்னை வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

பத்து வருஷத்துக்கு முன் அங்கிருந்த சின்னத் தபால் ஆபீசில் நான் தற்காலிக ஆள். மழைக்காலத்தில் அங்கே பசை காயாது. காலையில் ஒட்டிய போட்டோ சாயங்காலம் விரலோடு வரும். துணியும் காயாது, ஈரச் சட்டையோடுதான் அரசாங்கப் பணி செய்தேன். ஐந்து மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் அது முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். கொழுந்து கிள்ளும் பெண்கள் என் 'ஏனுங்க'வைக் கேட்டுச் சிரிப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து மலையேறிய குடும்பங்கள். என் மரியாதை அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

பெண் குழந்தைகளுக்கான இந்தச் சுகன்யா கணக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஒரு நாள் இசக்கியம்மாள் மூன்று பெண்களோடு வந்தாள். கொழுந்து கிள்ளுகிறவள், புருஷனுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. மூன்று தலையிலும் எண்ணெய் வழிய வழியப் பின்னல். பெரியவள் முத்துலட்சுமிக்கு ஒன்பது வயது.

"மூணு புள்ளைக்கும் போடணும் சார்."

போஸ்ட்மாஸ்டர் சேச்சி மலையாளத்தில் விதியைச் சொன்னார். தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு பொண்ணுங்களுக்குத்தானுங்க போட முடியும்."

"அப்பம் மூணாவது? அதும் பொண்ணுதான சார்?"

இசக்கியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் நின்றாள். தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். "ஒனக்குத் தோணுறதச் செய்யி" என்று புருஷன் சொன்னதாகப் பிறகு சொன்னாள். ஆண்கள் பேசுகிற சுகமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று. நானும் வீட்டில் பேசுகிறேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவள் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி மட்டும் எதுவும் தெரியாமல் கம்பியில் தொங்கி ஆடியது.

உள்ளே வந்து, "சின்னதுக ரெண்டுக்கும் போடுங்க" என்றாள். "பெரியவளுக்குக் கை காலு வந்திருச்சு. இதுகளுக்கு இனிமேத்தான் எல்லாம்."

முத்துலட்சுமி அழவில்லை. தங்கைகளின் பெயரை நான் தப்பும் தவறுமாக எழுதுவதைப் பார்த்து, "சுதாவுக்கு இன்ஷியல் எம் சார்" என்றாள். சேச்சிக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தனியாக மாதம் கட்டுகிற சாதாரணக் கணக்கு ஒன்று திறந்துகொடுத்தார். அடுத்த வருஷமே தோட்டம் தள்ளாட ஆரம்பித்தது. சம்பளம் நின்றது. முத்துலட்சுமிக்கு மாதம் கட்டுவது முதலில் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது போட்டால் போதும் என்பதால் தங்கைகளின் கணக்குகள் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. எனக்கும் வேலை முடிந்தது. ஊருக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் கூட வேலை செய்பவனின் கல்யாணத்துக்காக வண்டிப்பெரியார் போனேன். ஏலக்காய் வாங்க நுழைந்த கடையில் எடை போட்ட பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"போஸ்டாபீஸ் சார்தான?"

முத்துலட்சுமி. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டாளாம். அப்பாவுக்கு நெஞ்சுவலி, அம்மாவுக்கு முட்டி. சுதாவுக்கு அடுத்த வருஷம் பதினெட்டு. நர்சிங் சேர்க்க அந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம்.

"இப்ப யாரு கட்டுறாங்க?"

"நாந்தான் சார். ரெண்டு பேருக்கும்."

கேட்டிருக்கக்கூடாது, கேட்டேன். "அன்னைக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சு. அம்மாகூட ரெண்டு நாளு பேசல. இப்பம் கோவப்பட நேரம் எங்க சார் இருக்கு?" பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள். கடையில் காலையிலிருந்து உட்காரவில்லை என்று அவள் நின்ற விதமே சொன்னது.

"ஒன் பேருல எதாவது வச்சிருக்கியாம்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஓட்டு இருக்கு சார்" என்று சிரித்தாள். அடுத்த ஆளுக்கு மிளகு நிறுக்கப் போய்விட்டாள்.

பஸ் வரத் தாமதமாயிற்று. மேலே தோட்டம் வரை ஜீப்பில் போனேன். நானும் சேச்சியும் உட்கார்ந்த அறையில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு ஜூஸ் விற்கிறார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ஐந்து மணி ஆனதும் தொழிற்சாலைச் சங்குக்காக என்னை அறியாமல் பேச்சை நிறுத்தினேன். ஜீப்காரர் திரும்பிப் பார்த்தார். சங்கு ஊதட்டும் என்றேன்.

"சங்கா? அதக் கழத்தி இரும்புக்குப் போட்டு எத்தன வருசமாச்சு சார்" என்றார்.